அரைச் சிலிண்டர்

சுபஹுத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்து வானம் வெளுக்கத் தொடங்கியபோது ரம்ஸியா இரண்டாவது குழியையும் தோண்டி முடித்திருந்தாள். முந்தின நாள் அவித்து மணலுக்குள் புதைத்த கடலட்டைகள் ஒவ்வொன்றாக மண்வெட்டியில் தட்டுப்பட்டன. பன்னிரண்டு மணித்தியாலம் மண்ணுக்குள் கிடந்தால்தான் அவற்றின் மேல்தோல் ஊறிக் கழன்று வரும். பிறகு கூடையில் அள்ளி, முழங்காலளவு கடலில் இறங்கி, காலால் மிதித்தும் தும்பால் தேய்த்தும் அந்தச் சுண்ணாம்புத் தோலை உரிக்க வேண்டும். உரித்ததைத் திரும்பவும் கிடாரத்தில் போட்டு அவித்து வெயிலில் பரப்ப வேண்டும். ஆறு பெண்கள் வெயில் ஏறுமுன் செய்து முடிக்க வேண்டிய வேலை அது. உப்பும் சுண்ணாம்பும் பட்டு அவர்களுடைய விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

கற்பிட்டிக் கரையில் அட்டை பதப்படுத்தும் அந்த வாடியைப் பதுர்தீன் முதலாளி போட்டு நாலு வருடம். யுத்தம் முடிந்து கடல் திறந்த வருடமே வந்து போட்டது. காய்ந்த அட்டை எங்கோ சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது என்று பெண்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அதை யார் தின்கிறார்கள், எப்படித் தின்கிறார்கள் என்று அவர்களில் ஒருத்திக்கும் தெரியாது.

வாடியின் மறுபக்கத்தில் கொம்பிரசர் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. முழுகப் போகிறவர்களின் சிலிண்டர்களுக்குக் காற்றடிப்பது ஜபாரின் வேலை. ரம்ஸியாவின் கணவன் நஜாத் அவனருகே குந்தியிருந்தான்.

"இது நெறஞ்சிட்டா, ஜபார்?"

ஜபார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "காணும், நானா, இவ்வளவு போதும். எடுங்க."

"காணுமா, நெறஞ்சிட்டா? அதச் செல்லு."

ஜபார் குழாயைக் கழற்றி அடுத்த சிலிண்டரில் மாட்டினான். நஜாத் எழுந்து, பிளாஸ்டிக் கதிரையில் போனோடு உட்கார்ந்திருந்த முதலாளியிடம் போனான். ரம்ஸியாவின் காது அங்கேயே இருந்தது.

"முதலாளி, நேத்தும் அரைவாசியில காத்து இறுகிட்டு. மீட்டரும் இல்ல. எவ்வளவு மிச்சம் ஈக்கிண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மீட்டருக்குக் கொழும்புல சென்னீக்கி."

"போன மாசமும் அதத்தான் சென்னீங்க."

முதலாளி போனை மடியில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருபோதும் உயர்த்துவதில்லை. "இஞ்ச பாரு நஜாத். சிலிண்டர முட்ட முட்ட நெரப்பிக்கிட்டு ஈந்தா விடியறதுக்குள்ள ரெண்டு போட்டுக்குத்தான் காணும். எனக்கு நாலு போட் போகணும். காத்து முடிஞ்சா மேல வா. மீனுக்கா பொறந்தீக்கிறாய், மேல வரத் தெரியாம?"

"அறுபதடி, முதலாளி."

"ஏலாட்டி நிண்டுக்க. போறதுக்கு ஆள் ஈக்கி."

நஜாத் சிலிண்டரைத் தோளில் தூக்கினான். கூடையோடு நின்ற ரம்ஸியாவைக் கடந்து போகையில், "புள்ளைக்கு இருமல் மருந்து முடிஞ்சிட்டு, வரக்குள்ள ஞாபகப்படுத்து," என்று மட்டும் சொன்னான். அவர்களுடைய மகள் ஷிஹாராவுக்கு அப்போது ஆறு வயது.

போட் பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் போட் வந்தால் நல்ல சேதியாக இருக்காது. கையிலிருந்த தும்பைப் போட்டுவிட்டு ரம்ஸியா தண்ணீருக்குள் ஓடினாள். நஜாத் போட்டின் முன்முனையில், அணியத்தில் சாய்ந்திருந்தான். வாயோரம் இளஞ்சிவப்பு நுரை. பேச வாயெடுத்தான், பேச்சு வரவில்லை. அவள் அவன் கழுத்தைத் தொட்டாள். தோலுக்கடியில் ஏதோ நொறுநொறுத்தது. ஈர உப்பை விரலால் அழுத்தினாற்போல இருந்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தன் கணவனின் உடம்பைத் தொட அவளுக்குப் பயமாக இருந்தது அன்றைக்குத்தான்.

"கீழ காத்து நிண்டுட்டு," என்றான் போட் ஓட்டி. "கடைசியாப் புடிச்ச மூச்ச உட்டா இனிக் கெடைக்காதுண்டு அப்பிடியே வாய மூடிக்கிட்டு ஏறியீக்கார். மேல வந்த ஒடன ஒரு சத்தம் போட்டார். அதுக்குப் பொறகு பேச்சில்ல."

முதலாளியின் வான் வாடி வாசலில் நின்றது. அதில் பெட்டிகள் ஏற்றியிருந்தன, பகலுக்குள் கொழும்பு போக வேண்டுமாம். கூட அட்டை அவிக்கும் கமறியா ரோட்டுக்கு ஓடி ஒரு த்ரீவீலரை மறித்துக் கொண்டுவந்தாள். புத்தளம் ஆஸ்பத்திரி வரைக்கும் ரம்ஸியா அவனைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவனுடைய வலப்பக்க விலா எழுந்து தாழ்ந்தது, இடப்பக்கம் அசையவே இல்லை. நுரைச்சோலைச் சந்தியைத் தாண்டும்போது அவன் உதடு நீலமாகிவிட்டது. அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவன் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணிக்கை தப்பிய போதெல்லாம் கலிமாவைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவில் துளை போட்டு ஒரு குழாயை விட்டார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில், தண்ணீர் நிறைந்த ஒரு போத்தலுக்குள் முங்கியிருந்தது. நஜாத் மூச்சு விட்டபோதெல்லாம் போத்தலில் குமிழ் கிளம்பியது. டொக்டர் சிங்களத்தில் விறுவிறுவென்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். ரம்ஸியாவுக்குப் பாதிதான் விளங்கியது. அந்த மிச்சப் பாதியைச் சுதர்சினி என்ற தாதிதான் அன்று பின்னேரம் சொன்னாள். சிலாபத்துப் பிள்ளை. எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூச்ச நாங்க மூக்கால இழுக்கிறம் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறது, அக்கா. அப்பிடியில்ல." சுதர்சினி மருந்து இல்லாத ஒரு ஊசிக்குழலை எடுத்துத் தண்டைப் பின்னால் இழுத்துக் காட்டினாள். "பாருங்க, இதுக்குள்ள காத்தை ஆரும் ஊதேல்ல. உள்ள இடம் கூடினது, காத்துத் தானா வந்துட்டுது. நெஞ்சும் இதேதான். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில ஒரு தசை கூரை மாதிரிக் கவிஞ்சு கிடக்குது. அது இறங்கும், விலா மேல எழும்பும், உள்ள இடம் பெருக்கும். காத்து வரும். தசையை விட்டா எல்லாம் பழையபடி சுருங்கும், காத்து வெளிய போகும்."

"அப்ப ஈரக்கொலை?"

"நுரையீரலுக்குச் சொந்தமாப் பலம் கிடையாது. அது விலாவின்ட உள்பக்கத்தில ஒட்டிக்கொண்டு நிக்குது. ரெண்டு பொலித்தீனை நனைச்சு ஒண்டோட ஒண்டு வைச்சா எப்பிடி ஒட்டும்? அப்பிடி. விலா விரியேக்க அதையும் இழுத்துக்கொண்டு விரியும். இவருக்கு ஈரல் கிழிஞ்சு, காத்து அந்த ரெண்டுக்கும் நடுவில பூந்துட்டுது. ஒட்டு விட்டுப் போச்சு. இனி விலா எவ்வளவு விரிஞ்சாலும் ஈரல் சுருண்டுதான் கிடக்கும். நடுவில பூந்த காத்தைத்தான் இந்தக் குழாயால எடுக்கிறம்."

"ஏன் மிஸ் கிழிஞ்சது? ஒண்டிலயும் அடிபடல்லியே."

"அறுபதடிக்குக் கீழ தண்ணீன்ட பாரத்தில காத்து அமுங்கி இருக்கும். அங்க இழுத்த ஒரு மூச்சு, மேல வரேக்க கிட்டத்தட்ட மூண்டு மடங்காப் பெருக்கும். ஊதி ஊதி விட்டுக்கொண்டு வரவேணும். வாயை மூடினா அது எங்க போறது?" சுதர்சினி சற்று நிறுத்தினாள். "காத்து முடியப் போகுதெண்டு முன்னமே தெரிஞ்சிருந்தா ஆறுதலா ஏறியிருப்பார். அதுக்குத்தானே மீட்டர். இவர்ட சிலிண்டரில மீட்டர் இருக்கேல்லையா?"

ரம்ஸியா போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் போத்தல்தான் உலகம். குமிழ் வருகிறதா, நின்றுவிட்டதா? வந்தால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. நின்றால் நல்லதாக இருக்கலாம், குழாய் அடைத்தும் இருக்கலாம். யாரிடமாவது ஓடிக் கேட்க வேண்டும். நஜாத் மூச்செடுக்கும்போது அவளும் எடுத்தாள். அவன் பாதியில் வலித்து நிறுத்தும்போது அவளும் நிறுத்தினாள். பகல் சாய்வதற்குள் அவளுக்கே நெஞ்சு நொந்தது. சோறு ஊட்டலாம், முகம் துடைக்கலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம். ஒருவனுக்காக இன்னொருவர் மூச்சு விட மட்டும் ஏலாது.

நாலாம் நாள் பதுர்தீன் முதலாளி வந்தார். தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்று துஆக் கேட்டார். பிறகு ரம்ஸியாவை வாட்டுக்கு வெளியே கூப்பிட்டு ஒரு கடதாசியை நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து வை, புள்ள. நாளைக்கே இவனக் கொழும்புக்கு நல்ல எடத்துக்கு அனுப்புறேன்."

ரம்ஸியாவுக்கு வாசிக்கத் தெரியும். அகதி முகாமின் ஓலைப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தபோது அவளுக்கு ஷிஹாராவின் வயது. அவள் நிதானமாக வாசித்தாள். நஜாத் தன் சொந்த விருப்பில், முதலாளியின் சொல்லை மீறி ஆழத்துக்குப் போனான் என்று எழுதியிருந்தது. சிலிண்டர்கள் யாவும் நிரம்பி, நல்ல நிலையில் இருந்தன என்றும் எழுதியிருந்தது.

"சிலிண்டர் நெறஞ்சீக்கல்ல, முதலாளி. நானும் அங்கதான் நிண்டேன்."

"அது ஒரு முறைக்கு எழுதுறது. விசாரணை கிசாரணைண்டு வந்தா எல்லார்ட பொழப்பும் போயிரும். ஒன்ட நல்லதுக்குத்தான் செல்றேன்."

"அவர்ட்டக் கேக்கணும்."

"கேளு." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க ஈக்கிற கொட்டில் என்ட தோட்டத்துல. மன்னார்லீந்து ஒண்டுமில்லாம வந்த ஆக்களுக்கு அந்தத் தென்னைக்கடியில எடம் தந்தது என்ட வாப்பா. அதயும் யோசிச்சிக்கிட்டுக் கேளு."

அன்று பின்னேரம் அவள் நஜாத்துக்கு அந்தக் கடதாசியை வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு, "கொழும்புக்குப் போனா சுகமாயிருமாம். வெக்கவா? ஷிஹாராட வாப்பா, செல்லுங்க. எனக்கு ஒண்டுமே விளங்குதில்ல," என்று அழுதாள்.

நஜாத்துக்கு ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்தான் வந்தது.

"வெக்காத." மூச்சு. "மத்தவங்க... இன்னம்..." மூச்சு. "அதே சிலிண்டர்லதான்... எறங்குறாங்க." மூச்சு. "நீ வெச்சா... சரிண்டு... ஆயிரும்."

அடுத்த நாள் ஓட்டை அடைபட்டதென்று குழாயைக் கழற்றினார்கள். அதற்கடுத்த நாள் விடிய ஈரல் திரும்பவும் சுருண்டது. பழைய துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை போட்டார்கள். இனி இவர் முழுகவே கூடாது என்று டொக்டர் சொன்னார். அந்தச் சிங்களம் முழுவதும் ரம்ஸியாவுக்கு விளங்கியது.

ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு விடியற்காலை அவள் வாடிக்குப் போனாள். வேலைக்குத்தான் போனாள். வேறு வழியிருக்கவில்லை. பெண்கள் குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொம்பிரசர் இரைந்துகொண்டிருந்தது. நஜாத்தின் இடத்தில் இன்னொருத்தன், நஜாத் கட்டிய அதே சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றான். புறப்படவிருந்த பதினொரு முழுகிகளையும் பார்த்தபோது ரம்ஸியாவின் கை தானாக மடியிலிருந்த கடதாசியை எடுத்தது.

"இத ஒருக்காக் கேட்டுட்டுப் போங்க," என்றாள். வாசித்தாள். ஒரு சொல்லையும் விடவில்லை. 'யாவும் நிரம்பி' என்ற இடத்தில் கொம்பிரசர் நின்றுபோனது. ஜபார் இயந்திரத்தை அணைத்திருந்தான்.

"நெறஞ்சீக்கல்ல," என்றான் ஜபார். அவன் கையிலிருந்த எண்ணெய்ச் சீலையை முறுக்கிக்கொண்டே இருந்தான். "மெசினுட முள்ளு பாதிக்கு வரக்குள்ள கழட்டச் சென்னார். நாலு மாசமா அப்பிடித்தான். எனக்கும் மூணு புள்ள ஈக்கி. அதால வாய மூடிக்கிட்டீந்தேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். முழுகிகளில் ஒருவன் தன் சிலிண்டரை மணலில் இறக்கி வைத்தான். பக்கத்தில் இன்னொருவன் வைத்தான். கமறியா ஒரு வாளி கடல்நீரைக் கொண்டுவந்து, எரிந்துகொண்டிருந்த அடுப்பில் ஊற்றினாள். புகை வாடி முழுக்கப் பரவியது.

முதலாளி வந்தார். "என்ன இது?"

"மீட்டர் வேணும்," என்றாள் கமறியா. "சிலிண்டர் முட்ட நெறையணும். போட்டுல ஒரு சிலிண்டர் மேலதிகமா ஈக்கணும். நஜாத்துட வைத்தியத்த நீங்க பாக்கணும், இந்தக் கடதாசி இல்லாம."

"முழுகிறவனுக்குச் சிலிண்டர் வேணும், சரி. அட்டை அவிக்கிற ஒனக்கென்ன?"

"முழுகப் போறவன் என்ட தம்பி. இந்தா நிக்கிறது எங்களோட அவிக்கிற றஹ்மாட மாப்பிள்ள. ஆருக்கு என்னண்டு கேக்கிறீங்க?"

"நல்லம். நாளைக்கு வேற ஆக்கள் வருவாங்க," என்று சொல்லிவிட்டு முதலாளி போனை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

சொன்னபடியே வந்தார்கள். மறுநாள் விடிய ஒரு லொறியில் தலவிலப் பக்கத்து முழுகிகள் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். மூத்தவர் அன்ரனிப்பிள்ளை, நரைத்த தலை, ஒரு காது கேளாது. அவர்கள், வேலைக்கு இறங்காமல் வாடி வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்காதது போல உள்ளே போனார்கள். அன்றைக்கு ஜபார் இயந்திரத்தைத் தொடவில்லை. முதலாளியின் மருமகன்தான் காற்றடித்தான், அவசர அவசரமாக.

ரம்ஸியா எழுந்து வேலியோரம் போய் நின்றாள்.  "ஒங்கள்ட்ட மீட்டர் ஈந்தாப் போட்டுப் பாத்துட்டு எறங்குங்க," என்றாள். "வேறொண்டும் கேக்கல்ல. பாத்துட்டு எறங்குங்க."

அன்ரனிப்பிள்ளை கேட்கும் காதைத் திருப்பினார். "என்ன, தங்கச்சி?"

"என்ட மாப்பிள்ள ஈரல் கிழிஞ்சி புத்தளத்துல கெடக்கார். இந்தச் சிலிண்டர்தான்."

அவர் தன் பையிலிருந்து, முழுகும்போது வாயில் வைக்கும் மூச்சுக்குழாயை எடுத்தார். சொந்தக் குழாய், அதில் மீட்டரும் இருந்தது. முதல் சிலிண்டரில் மாட்டித் திறந்தார். முள் மெல்ல ஏறி நூற்றுப் பத்தில் நின்றது. நிரம்பிய சிலிண்டர் என்றால் இருநூறில் நிற்க வேண்டியது. கழற்றி இரண்டாவதில் மாட்டினார். தொண்ணூற்றைந்து. மூன்றாவது, நூறு. அவர் ஆறையும் பார்த்து முடித்தார். அவருடைய ஆட்கள் குனிந்து நின்று பார்த்தார்கள்.

"முதலாளி, இதோட எங்களை எத்தினை அடிக்கு இறங்கச் சொல்லுறியள்?"

"அறுபது. காத்துக் கொறைஞ்சா மேல வாங்க. நீங்க பழசு தானே, ஒங்களுக்குத் தெரியாதா?"

"ஓம், தெரியும். பதினஞ்சு வயசில இருந்து முழுகிறன். என்ர கூடப்பிறந்தவனையும் ஒருக்கா இப்பிடித்தான் மேல எடுத்தம்." அவர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "நான் இறங்க மாட்டன்."

மூன்று பேர் அவரோடு நின்றார்கள். இரண்டு பேர் நிற்கவில்லை. வீட்டில் என்ன கஷ்டமோ, அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிலிண்டரைத் தூக்கிப் போனார்கள். அவர்களை யாரும் மறிக்கவில்லை. போட் கண்ணுக்கு மறையும்வரை ரம்ஸியா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பிழைத்து வர வேண்டும் என்று அவள் துஆக் கேட்டாள்.

பகலுக்கு அந்த இரண்டு பேரும் வெளிறிய முகத்தோடு, உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மூன்று சாக்கு அட்டை கரையில் இறங்கியது. குடலெடுத்து உடனே அவிக்காவிட்டால் வெயிலில் இளகிக் கூழாகிவிடும். முதலாளியின் மருமகன் அடுப்பை மூட்டப் பார்த்தான். முந்தின நாள் நனைந்த தென்னை மட்டையிலிருந்து புகைதான் வந்தது.

"கமறியா!" என்று முதலாளி முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "சாமான் கெட்டுப் போகுது! எழும்பு!"

கமறியா எழும்பவில்லை. ஆறு பெண்களில் ஒருத்தியும் எழும்பவில்லை. பயமில்லாமல் இல்லை. றஹ்மாவின் கை ரம்ஸியாவின் கையை இறுகப் பிடித்திருந்தது, வியர்த்து வழுக்கியது.

"நாளைக்குத் தோட்டத்துலீந்து எல்லாரையும் கெளப்புறேன். அவிக்கிறதுக்கு மாம்புரியிலீந்து பொம்புளையள கொண்டுவாறேன்."

"கொண்டுவாங்க," என்றாள் ரம்ஸியா. "அவங்களுக்கும் செல்றோம்."

நோயாளரைப் பார்க்கும் நேரம் நெருங்கிவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு பஸ்தான் மிச்சம். சோற்றுப் பார்சலை மடியில் வைத்தபடி அவள் ரோட்டையும் வாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். இங்கிருந்து எழுந்தால் இவர்கள் கலைந்துவிடுவார்களோ என்று பயம். போகாவிட்டால் அங்கே அவன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

ஜபார் பக்கத்தில் வந்து நின்றான். அவன் நஜாத்தை அண்ணன் முறையில் நானா என்றும், ரம்ஸியாவை அக்கா முறையில் தாத்தா என்றும் கூப்பிடுபவன்.

"தாத்தா, நான் மோட்டார் சைக்கிள்ள போய் அவரோட ஈக்கவா? அவர் ஏசினா ஏசட்டும்."

ரம்ஸியா அவன் முகத்தைப் பார்த்தாள். இவனை மன்னித்துவிட்டேனா என்று அவளுக்கே தெரியவில்லை. பார்சலை அவனிடம் நீட்டினாள்.

"படுத்தபடி தின்னக் குடுக்காதீங்க. நிமித்தி ஒக்கார வெச்சி, முதுகுக்குத் தலகாணி வைங்க. படுத்தா வயிறு மேல தள்ளும், மூச்சு எறங்காது. ஒவ்வொரு வாயாக் குடுங்க. அவர் மூச்செடுத்து முடியுமட்டும் பாத்துக்கிட்டு ஈங்க."

"சரி, தாத்தா."

அவன் மோட்டார் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினான். அன்ரனிப்பிள்ளையும் அவருடைய மூன்று பேரும் லொறியில் ஏறாமல் வேலியோரம் நின்றிருந்தார்கள். கமறியா தன் பாயைக் கொஞ்சம் தள்ளி விரித்தாள்.

"வாங்க காக்கா, வெயில்ல நிக்காம," என்று அன்ரனிப்பிள்ளையை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "நாளைக்கு வாறவங்களுக்குக் காட்ட ஒங்கட மீட்டர் வேணும்."